மொஸ்பாஹும் அசையாத மூன்று படைகளும்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் என்றால் மொஸ்பாஹ் இரண்டரைக்கே தலால் அக்காவின் கணினிக் கடைக்கு வந்துவிடுவார். ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து அணிப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்வார். அதில் நான்கு பெயர்கள் இருக்கும். மொஸ்பாஹ் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. லம்ஜத், ஷாக்கர், வஜ்தி என்ற மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி. ஆள் எங்கிருந்தாவது உள்ளே வந்தால் சாம்பல் பச்சையாகும். இரண்டு வருடங்களாகப் பார்க்கிறேன், மூன்றும் ஒன்றாகப் பச்சையானதை நான் கண்டதில்லை.

"என்ன மொஸ்பாஹ், மாப்பிள்ளைங்க கிளம்பிட்டாங்களா?" என்று தலால் அக்கா கல்லாவில் இருந்தபடியே கேட்பார். வாயில் சூரியகாந்தி விதை இருக்கும். தொலியைத் துப்பிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வரும்.

"வந்துடுவாங்க அக்கா. இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"போன வாரமும் அரை மணி நேரம்தான் இருந்துச்சு."

மொஸ்பாஹ் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மொஸ்பாஹுக்கு முப்பத்தேழு வயது. எங்கள் ஊரான கஃபூரில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் கோதுமைக் கிடங்கில் வேலை. அறுவடை நேரத்தில் வருகிற ஒவ்வொரு லாரியின் மேலும் ஏறி, ஆள் உயரக் குழாயைக் கோதுமைக்குள் குத்தி மாதிரி எடுத்துக் கொடுப்பார். அந்த வேலை ஒன்றரை மாதம்தான். மீதி நாட்களில் காலிக் கிடங்கைப் பெருக்குவார், புறாக்களை விரட்டுவார். உள்ளே பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்பதால் அங்கே வாயைத் திறப்பதில்லை என்று ஒருமுறை சொன்னார். அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அக்கா கல்யாணமாகி ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருக்கிறார். வீட்டில் இவர் ஒருவர்தான்.

நான் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். பகலெல்லாம் தலால் அக்காவின் கடையில் கிடப்பேன். அதனால்தான் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அது பழங்காலப் போர் விளையாட்டு. ஈட்டி, வில், குதிரை, யானை எல்லாம் உண்டு. ஒரு அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு படை, ஒரு படைக்கு ஆயிரத்து இருநூறு வீரர்கள், ஒரு தளபதி. தளபதி விழுந்தால் அவன் படை ஓடிவிடும். எதிரியின் நான்கு தளபதிகளும் விழுந்தால் வெற்றி. நாற்பது நிமிடம் முடிந்தும் இரண்டு பக்கமும் யாராவது நின்றால் சமன்.

ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். அவன் படை களத்தில் இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் அதை எங்கே நிறுத்துவது என்று அணித் தலைவர் முடிவு செய்யலாம். தொடங்கிய பிறகு யாராலும் அதை நகர்த்த முடியாது. யாராவது வந்து மோதினால் நின்ற இடத்திலேயே திருப்பி அடிக்கும். அவ்வளவுதான். ஆள் நடுவில் வந்து சேர்ந்தால் அதற்கு உயிர் வரும்.

எங்கள் பகுதியில் எட்டு ஊர்கள் இந்த ஆட்டத்தை வருடாவருடம் போட்டியாக நடத்துகின்றன. எட்டாவதாக வரும் ஊர் வெளியே போக வேண்டும். வெளியே நான்கு ஊர்கள் வரிசையில் நிற்பதால் போனவர்கள் திரும்பி வருவது சுலபமில்லை. கஃபூர் அணியைத் தொடங்கியவர்கள் மொஸ்பாஹும் அவருடைய மூன்று கூட்டாளிகளும். பள்ளியில் ஒரே வகுப்பு. பிறகு லம்ஜத் இத்தாலிக்குப் போய் ஒரு தரையோட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஷாக்கர் ஜெர்மனியில் மருத்துவமனை வேலைக்குப் போனார். வஜ்தி வளைகுடாவுக்குப் போனார். முதல் வருடம் மூவரும் ஞாயிறு தவறாமல் வந்தார்களாம். அடுத்த வருடம் இருவர் வந்தார்கள். பிறகு எப்போதாவது ஒருவர்.

ஆகவே மொஸ்பாஹ் ஒரு படையை வைத்துக்கொண்டு நான்கு படைகளோடு மோதினார். அசையாத மூன்று படைகளைக் குன்றின் உச்சியில் நிறுத்திவிட்டு, அதற்கு ஏறும் ஒரே பாதையில் தன் ஈட்டிக்காரர்களை நிறுத்துவார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. எதிரி எத்தனை ஆயிரம் பேரோடு வந்தாலும் இருபது பேர்தான் ஒரே நேரத்தில் முன்னால் நிற்க முடியும். மேட்டில் ஏறி வருபவன் களைத்துப்போவான். களைத்தவன் கை மெதுவாக வீசும். முன் வரிசையில் நாலு பேர் திரும்பி ஓடினால் பின்னால் இருப்பவனும் பயப்படுவான். இப்படி நாற்பது நிமிடத்தையும் தள்ளிவிடுவார். நான் பார்த்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் சமன்தான்.

"இது சண்டையா, வீட்டைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கறதா?" என்று கைஸ் கேட்பான். கைஸுக்குப் பத்தொன்பது வயது. அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் அடுத்த வரிசையில் உட்கார்ந்து தினமும் இதே ஆட்டத்தை ஆடுவார்கள். அணியில் இடம் வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை.

"அண்ணே, மூணு பேய்க்குக் காவல் காக்கறீங்க. அந்த மூணு எடத்தை எங்களுக்குக் குடுங்க. உயிரோட இருக்கற ஆளுங்களை வெச்சு ஆடுவோம்."

"அவங்களும் உயிரோடதான் இருக்காங்க."

"எங்க? புள்ளியைப் பாருங்க, சாம்பலா இருக்கு."

"உன் ஆட்டம் எனக்குத் தெரியும்டா. எடுத்ததும் சுத்தி வளைக்கறேன்னு கிளம்புவே."

அது உண்மைதான். எங்கள் நாட்டில் பிறந்தவன் எவனும் இந்த ஆட்டத்தில் முதலில் எடுப்பது இதே மண்ணில் இருந்த பழைய கார்த்தேஜின் படையைத்தான். முதலில் செய்வதும் சுற்றி வளைப்பதுதான். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் தன்னைவிடப் பெரிய ரோமானியப் படையைச் சுற்றி வளைத்து அழித்த படத்தை ஐந்தாம் வகுப்பிலேயே நோட்டில் வரைய வைத்துவிடுகிறார்கள். நடுவில் சிவப்புப் பெட்டி, சுற்றிலும் நீலப் பிறை. பரீட்சையில் தோற்ற எனக்குக்கூட அந்தப் படம் மறக்கவில்லை. எங்களில் எவன் கையில் படையைக் கொடுத்தாலும் அந்தப் பிறையைத்தான் வரைவான்.

ஆனால் மொஸ்பாஹ் இடம் தர மறுத்ததற்குக் காரணம் கைஸின் ஆட்டம் மட்டும் இல்லை. லம்ஜத்தின் பெயருக்கு மேல் ஒரு சின்ன இலைமாலை இருந்தது. ஆறு வருடங்களாக ஒருமுறைகூட முழுதாக அழியாத படைக்கு அதைக் கொடுப்பார்கள். லம்ஜத் ஆடி வாங்கியது முதல் இரண்டு வருடம். மீதி நான்கு வருடமும் குன்றின் கீழே நின்று மொஸ்பாஹ் காத்துக் கொடுத்தது. நான்கு பெயர்களும் ஒன்றாக நிற்கும் இடம் உலகத்தில் அந்தப் பட்டியல் ஒன்றுதான் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். கைஸ் கிண்டல் செய்வதை ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்வதும் அதனால்தான்.

இந்த வருடம் ஆறு ஆட்டங்களில் நான்கு சமன், இரண்டு தோல்வி. கஃபூர் எட்டாவது இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டம் பேஜா ஊரோடு. அவர்கள்தான் முதலிடம். சமன் போதாது, வென்றே ஆக வேண்டும். வெல்லாவிட்டால் அணியே இருக்காது, பட்டியலையும் அழித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை மொஸ்பாஹ் கடையில் இருந்தே லம்ஜத்துக்குப் போன் போட்டார். அவர் போனில் காதருகே வைக்கும் ஒலிபெருக்கி கெட்டுப்போயிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும். எங்களுக்கெல்லாம் கேட்டது.

"டேய் மொஸ்பாஹ்! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம்டா. பேஜாவோட."

"எத்தனை மணிக்கு?"

"எப்பவும் போல மூணு."

"எனக்கு ஷிஃப்ட் இருக்கே. ரெண்டரைக்குத்தான் விடுவான். ஓடி வந்தாலும் மூணேகால் ஆயிடும்."

"மூணேகாலுக்கு வா, போதும். ஷாக்கர் போனை எடுக்கறதே இல்ல. வஜ்தி பாக்கறேன்னு சொன்னான். நீயாவது வா."

"வர்றேன்டா. என் அம்மா மேல சத்தியம். அதுவரைக்கும் என் மாலையைப் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்."

போனை வைத்தபின் அவர் சிரித்தார். அன்று எல்லோருக்கும் காபி சொன்னார். கைஸுக்கும்தான்.

ஞாயிறு இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தார். கடையில் நிற்க இடமில்லை. பேஜாக்காரர்களின் பேச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. இந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்கலாம், திட்டலாம். அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி.

"கஃபூர் கிடங்குக்காரரே! இன்னிக்கும் குன்று மேல கோதுமை காயப் போடப் போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமாம்பா. நீங்க அள்ளிக்கிட்டுப் போங்க," என்றார் மொஸ்பாஹ்.

படைகளை நிறுத்தும் நேரம் வந்ததும் மொஸ்பாஹ் தன் மைக்கை அணைத்தார். வலப்பக்கக் குன்றில் ஷாக்கர் படையையும் வஜ்தி படையையும் எப்போதும் போல நிறுத்தினார். பிறகு லம்ஜத்தின் படையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சமவெளியின் நடுவில் விட்டார். முன்னாலும் பின்னாலும் வெறும் புல். தன் படைக்கு ஈட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயிரத்து இருநூறும் குதிரைகள். அவற்றை இடப்பக்கக் காட்டுக்குள் கொண்டுபோய் மறைத்தார்.

"அண்ணே, லம்ஜத் அண்ணன் படை தப்பான எடத்துல நிக்குது," என்றான் கைஸ்.

"தப்பா நிக்கல."

"நடுவுல நிக்குதுண்ணே! நாலு பக்கமும் திறந்து கிடக்கு."

"தெரியும். மூணேகாலுக்கு அவன் வந்துட்டான்னா பின்னால இழுத்துக்குவான்."

"வரலைன்னா?"

அதற்குள் மூன்று மணி அடித்து ஆட்டம் தொடங்கிவிட்டது.

பேஜாவின் நான்கு படைகளும் குன்றை நோக்கித்தான் நடந்தன. மொஸ்பாஹ் அங்கேதான் இருப்பார் என்று அவர்கள் நினைத்தது தப்பில்லை, நான்கு வருடமாக அங்கேதான் இருந்தார். பாதி வழியில் ஒருவன் கத்தினான்.

"டேய், நடுவுல பாரு! மாலை! மாலை வெச்ச படைடா!"

"ஆளில்லாம நிக்குதா?"

"மொத்தமா அழிச்சா நிறைய பாயிண்ட்டுடா! நான் போறேன்."

"நீ யாரு போறதுக்கு? நான்தான் முதல்ல பாத்தேன்."

"சண்டை போடாதீங்கடா. சுத்தி வளைப்போம். நாலு பேரும் சேந்து எடுப்போம்."

கைஸ் என் தோளைப் பிடித்து அழுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை.

நான்கு படைகளும் ஓட ஆரம்பித்தன. கவசம் போட்டவர்கள் ஓடினால் மூச்சு வாங்கும் என்பதையெல்லாம் யாரும் நினைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு நோட்டில் வரைந்த அதே பிறை திரையில் விரிந்தது. இரண்டு நுனிகளும் நீண்டு, வளைந்து, பின்னால் சந்தித்து வட்டமாயின. மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு லம்ஜத்தின் படை நாலாபுறமும் அடி வாங்கத் தொடங்கியது.

மொஸ்பாஹ் குதிரைகளை அசைக்கவில்லை.

லம்ஜத்தின் ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று திருப்பி அடித்தார்கள். ஆயிரத்து இருநூறு ஆயிரமானது. ஆயிரம் எண்ணூறானது. மொஸ்பாஹ் படையைப் பார்க்கவில்லை, பட்டியலில் இருந்த புள்ளியைப் பார்த்தார். மணி மூன்று பதினைந்து. புள்ளி சாம்பலாகவே இருந்தது. மூன்று பதினாறு.

"அண்ணே, இப்ப போங்க," என்று யாரோ சொன்னார்கள்.

"இன்னும் இல்ல. நாலாவது ஆள் வெளியிலயே நிக்கறான்."

பேஜாவின் நான்காவது படை இன்னும் முழுதாகச் சண்டையில் இறங்கவில்லை. அதுவும் வட்டத்தில் நுழைந்தால்தான் நான்கின் முதுகும் வெளியே திரும்பியிருக்கும். ஐந்நூறு பேர். முந்நூறு பேர். நான்கு வருடமாக அழிய விடாமல் காத்த படை அது. அவருடைய இடதுகை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. காட்டிலிருந்து புறப்பட்டால் இருபது நொடியில் அங்கே போய்விடலாம். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மூன்று பதினெட்டு. நூற்றைம்பது பேர். மாலை கைநழுவிப் போகிறதே என்ற ஆத்திரத்தில் நான்காவது படையும் உள்ளே பாய்ந்தது.

"சரி," என்றார் மொஸ்பாஹ்.

குதிரைகள் வெளியே வந்தன.

சுற்றி வளைத்தவன் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் தளபதி அவனுக்குப் பின்னால், வட்டத்துக்கு வெளியே, வெறும் புல்லில் நிற்பான். இதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு குதிரைகளும் ஒரே தளபதி மேல் போய் விழுந்தன. அவன் படை களைத்திருந்தது, திரும்புவதற்கே நேரம் பிடித்தது. அதற்குள் கொடி சாய்ந்துவிட்டது. ஒரு படை சிதறி ஓடியது. அது ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துப் படையும் ஆட்டம் கண்டது.

"பின்னால யாருடா?"

"குதிரை! குதிரை எங்கிருந்து வந்துச்சு?"

"கிடங்குக்காரன் குன்று மேலதானே இருந்தான்!"

"குன்று மேல யாரு இருக்கான்னு நீ பாத்தியா?"

மொஸ்பாஹ் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. வட்டத்தின் வெளிப்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய் இரண்டாவது தளபதியை முடித்தார், பிறகு மூன்றாவது. அந்த நேரத்துக்குள் லம்ஜத்தின் படையில் கடைசி ஆளும் விழுந்துவிட்டான். பெயரின் மேல் இருந்த மாலை மறைந்தது. மொஸ்பாஹின் குதிரைகளிலும் முந்நூறுதான் மிச்சம்.

நான்காவது தளபதி புத்திசாலி. மிச்சம் இருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு ஓடினான். மேடு கிடைத்தால் தப்பிக்கலாம் என்று வலப்பக்கக் குன்றில் ஏறினான். மேலே ஷாக்கரின் படையும் வஜ்தியின் படையும் காலையில் வைத்த பாத்திரம் போல அப்படியே நின்றன. மோதியவனைத் திருப்பி அடிக்க அவற்றுக்கு யாருடைய கட்டளையும் தேவையில்லை. மேலே ஈட்டிகள், கீழே மொஸ்பாஹின் குதிரைகள். மூன்று இருபத்தாறுக்கு நான்காவது கொடியும் சாய்ந்தது.

கடை அதிர்ந்தது. கைஸ் மேசை மேல் ஏறிவிட்டான். தலால் அக்கா "எறங்குடா நாயே, மேசை உடையும்!" என்று கத்திக்கொண்டே தானும் கை தட்டினார். யாரோ மொஸ்பாஹின் தலையைப் பிடித்து முத்தமிட்டார்கள். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லம்ஜத் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி பச்சையாகியிருந்தது.

"வந்துட்டேன்டா! பஸ் லேட்டு. எங்க என் ஆளுங்க?"

மொஸ்பாஹ் ஒற்றை விரலால் அடித்தார். "எல்லாம் போச்சு."

"எல்லாமேவா?"

"ஒருத்தன்கூட இல்ல."

"ஆறு வருஷ மாலைடா அது. நீ எங்க இருந்தே?"

மொஸ்பாஹ் இரண்டு முறை எழுதி அழித்தார். பிறகு எழுதினார்: "பக்கத்துக் காட்டுலதான் இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன்."

"வந்து காப்பாத்தியிருக்க முடியாதா?"

"முடிஞ்சிருக்கும்."

கடையில் இருந்த சத்தம் எதுவும் அந்த எழுத்துப் பெட்டிக்குள் போகவில்லை.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சோம்."

"அப்ப சரி. உடம்பெல்லாம் ஓட்டுத் தூசி. குளிக்கப் போறேன்."

புள்ளி சாம்பலானது.

அடுத்த வருடத்துக்கான பட்டியலை அன்று ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் மொஸ்பாஹ் 'பழைய அணியே' என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்று கூட்டம் கலைந்த பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். ஐந்தேகால் மணிக்குத் தலால் அக்கா ஒரு தட்டில் முட்டை வைத்துப் பொரித்த ப்ரீக் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடு. காலையில இருந்து ஒண்ணும் திங்கல நீ."

"நாலு வருஷம் காத்தேன் அக்கா. இன்னிக்கு ஆறு நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்."

"அவன் ரெண்டு வருஷமா சும்மா பாக்கக்கூட இல்லையே," என்றார் அக்கா. சொன்னபின் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துவிட்டுப் போனார்.

மொஸ்பாஹ் பட்டியலைத் திறந்தார். வஜ்தியின் பெயரைத் தொட்டார். நீக்கவா என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஆம். ஷாக்கருக்கும் அதே இரண்டு கேள்விகள். லம்ஜத்தின் பெயரில் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ப்ரீக்கை எடுத்துச் சாப்பிட்டார். முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். கையைத் துடைத்தார். பிறகு இரண்டாவது கேள்விக்கும் பதில் சொன்னார்.

"கைஸ்."

கைஸ் அடுத்த வரிசையில் இருந்து எழுந்து வந்தான். அன்று அவன் வாயில் கிண்டல் இல்லை. அவனுடைய கூட்டாளிகளும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"அண்ணே."

"உன் பேரைப் போட்டுட்டேன். இவன் பேரு என்ன?"

"பைரம்," என்றான் அவன். "ரெண்டு வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கேண்ணே."

"தெரியும். கேக்கணும்னு தோணல. இவன்?"

"ஹம்தி."

இரண்டு பெயர்களையும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

"நாளைக்கு லாரி வர ஆரம்பிச்சுடும்," என்றார். "சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் எனக்கு விடுதலை. செவ்வாய்க்கிழமை ஏழரைக்குப் பயிற்சி. நாலு பேரும் இங்க இருக்கணும்."

"வந்துடுவோம்ண்ணே. சத்தியமா வந்துடுவோம்."

மொஸ்பாஹ் எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த பொரித்த மாவைத் தட்டிவிட்டார்.

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்கடா," என்றார். "வாங்க."